கோபாலன் விட்ட தங்கம்

மறுபடியும் கிரிக்கெட் பதிவான்னு அலுத்துக்காதீங்க மக்களே. இது ரொம்ப பழைய கதை.

எம்.ஜே.கோபாலன்னு ஒரு மனுஷன். 1909-ல செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்துல பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர். இவர் திறமையைக் கண்டுபிடிச்சு, பர்மா ஷெல் கம்பெனியில வேலையும் வாங்கிக் கொடுத்தவர் சி.பி.ஜான்ஸ்டன்ங்கற வெள்ளைக்காரர்.

1934 ஜனவரியில கல்கத்தாவுல இங்கிலாந்துக்கு எதிரா டெஸ்ட் ஆடினார். கிடைச்சது ஒரே விக்கெட். அதே வருஷம் நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்துல ரஞ்சிக் கோப்பை ஆரம்பிச்சப்போ, மைசூருக்கு எதிரா முதல் பந்தைப் போட்டவர் இவர்தான். அந்த மேட்ச்ல ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்து, ஒரே நாள்ல ஆட்டம் முடிஞ்சது தனிக்கதை.

ஹாக்கியிலயும் மனுஷன் கில்லி. 1935-ல தயான் சந்த் கூட நியூசிலாந்து போய் இந்தியாவுக்கு ஆடினார். அடுத்த வருஷம்தான் வந்தது சிக்கல். ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்ஸ், இன்னொரு பக்கம் கிரிக்கெட் டீமோட இங்கிலாந்துப் பயணம். கோபாலன் கிரிக்கெட் பக்கம் போனார்.

அங்கே மூணு டெஸ்ட். ஒண்ணுல கூட அவரை இறக்கலை. மூணாவது டெஸ்ட் ஓவல் மைதானத்துல 1936 ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஆரம்பிச்சது. அதே நாள் பெர்லின்ல இந்தியா ஜெர்மனியை 8-1ன்னு அடிச்சு ஹாக்கி தங்கம் வாங்கிச்சு. மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க! அதுக்கப்புறம் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே வரலை.

இவரைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் இங்கயே 'அடப்பாவமே'ன்னு முடிச்சிடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அவர் பல வருஷம் மெட்ராஸுக்கு ஆடினார். தேசிய தேர்வாளரா இருந்தார். 1950-கள்ல மெட்ராஸும் சிலோனும் மோத ஆரம்பிச்ச போட்டிக்கு அவர் பேரையே வச்சாங்க. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து வர்றதுக்கு முன்னாடி அந்த ஊர் ஆட்டக்காரங்களுக்கு கோபாலன் கோப்பை எவ்வளவு பெரிய விஷயம்! 2003 டிசம்பர்ல, 94 வயசுல காலமானார். ஒரு தப்பிப்போன தங்கத்துக்குள்ள இத்தனையையும் அடக்கிட முடியுமா?

இப்ப ஏன் இந்தக் கதைன்னா, இங்க வெள்ளிமலையில எங்க அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். சரிவான நிலத்துல கிரிக்கெட் ஆடறவன், அடிச்ச பந்து பாதி நேரம் மரவள்ளித் தோட்டத்துலதான் கிடக்கும். கபடியிலயும் பயலைப் பிடிக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை கீழே ரெண்டுக்கும் செலக்‌ஷன், ஒரே நேரத்துல. "எதுக்கு மாமா போவட்டும்?"னு வந்து நின்னான்.

கோபாலன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப அவரு ஹாக்கிக்குத்தான் போயிருக்கணுமா மாமா?"ன்னான்.

"ஆகஸ்ட் மாசம் என்ன நடக்கும்னு கப்பல் ஏறும்போது யாருக்குடா தெரியும்? உனக்கு எதை ஆடாம இருக்க முடியாதோ, அதுக்குப் போ"ன்னேன்.

கபடிக்குப் போறானாம். பஸ்ஸுக்குக் காசு கொடுத்திருக்கேன்.

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?