ஓக் வனத்தில் ஒரு சவ ஊர்வலம்

பெர்லின் மாநகரின் அருங்காட்சியகத் தீவில் அமைந்துள்ள பழைய தேசிய ஓவியக்கூடத்தினுள் நுழைந்தபோது, நடந்து நடந்து கால்கள் சோர்ந்திருந்தோம். ஆயினும், காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1809-10-ம் ஆண்டுகளில் தீட்டிய "ஓக் வனத்துத் துறவுமடம்" எங்களை அப்பால் நகரவிடவில்லை.

110 செ.மீ. உயரமும் 171 செ.மீ. அகலமும் உடைய படம் அது. பனி மூடிய கல்லறைத் தோட்டம். இலையுதிர்ந்து முறுகி நிற்கும் ஓக் மரங்கள். நடுவே, கூரையிழந்த கோவிலின் முகப்புச் சுவர் மட்டும். வானில் மாலை வெளிச்சம்; தரையிலோ இருள். அவ்விருளினூடே துறவியர் சவப்பெட்டி சுமந்து செல்கின்றனர். வாயிலில் பாடுபட்ட சுரூபமும், சிறு விளக்குகள் இரண்டும்.

அச்சுவர் கற்பனையன்று. பால்டிக் கடலருகே, ஓவியர் 1774-ல் பிறந்த கிரைஃப்ஸ்வால்ட் நகரை அடுத்த எல்டெனா மடத்தினுடையது. டென்மார்க்கின் எஸ்ரோம் மடத்திலிருந்து வந்த சிஸ்டர்சியன் துறவியர் 1199-ல் நிறுவிய மடம். சீர்திருத்தக் காலத்தில், 1535-ல் கலைக்கப்பட்டது. போர்கள் சிதைத்தவை போக எஞ்சியதில், கோட்டை கட்டவென்று செங்கற்களையும் பெயர்த்துச் சென்றனர். படம் தீட்டப்பெற்றபோது அங்கே துறவியர் இல்லாதொழிந்து 270 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன!

ஓவியரோ லூத்தரன் சபையினர். 1781-ல் தாயை இழந்தவர். 1787-ல் தம்பி நீரில் மூழ்கி மாண்டதைக் கண்ணெதிரே கண்டவர்.

'திருச்சபைக்கே சவ அடக்கம் நடத்துகிறாரோ?' என்று எங்களுக்கு மனம் கசந்தது. அவ்வாண்டுதான் தம் கணவரை அடக்கம் செய்திருந்த அம்மையார் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். நெடுநேரம் பேசாது நின்றவர், "குழி இங்கேயல்லவா வெட்டியிருக்கிறது? அதைத் தாண்டிப் போகிறார்களே!" என்றார்.

மெய்தான். திறந்த குழி முன்புறம் கிடக்க, ஊர்வலம் அதைக் கடந்து சுரூபத்தை நோக்கிச் செல்கிறது. நாங்கள் சுவரையே பார்த்திருந்தோம்.

மறுநாள் இரயிலேறி எல்டெனா சேர்ந்தோம். கோடைகாலமாதலால் பனியில்லை, ஓவியத்திற் கண்ட காடுமில்லை. செந்நிறச் செங்கற் சுவரும், அதன் பெருஞ்சாளரத்தினூடே நீல வானமும், பீடமிருந்த தளத்தில் பசும்புல்லும். அம்மையார் எங்களுக்கு முன்பாகவே வாயிலைக் கடந்து அப்புறம் சென்று, செபமாலையும் கையுமாய் நின்றிருந்தார்.