இரண்டு மழைக்கு நடுவே ஒரு கேமரா

மழைக்கு மாநில எல்லை தெரியாது என்று சொல்வார்கள். களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாறசாலைப் பக்கம் கேமராவுடன் நடப்பவருக்கு இது பாதி உண்மையாகத்தான் படும். கேரளம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. திருவனந்தபுரத்தில் அது 1,800 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. பாறசாலையிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 50 கி.மீ. போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கே மழை மேகத்தைவிடக் காற்றாலைகள்தான் அதிகம். தென்மேற்குக் காற்றை மறித்து நிறுத்தி மழையாக்குகிற மலைத்தொடர் தெற்கே முடிந்துபோவதால் வந்த வினை இது. ஈரக் கேரளமும் காய்ந்த பாண்டி நாடும் ஒன்றுக்குள் ஒன்று கரைகிற இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அவற்றின் எல்லைக் கிராமங்களும்.

சுற்றுலாத் துறையின் வண்ணப் புத்தகங்களில் இந்தப் பகுதிக்குப் பெரிய இடம் கிடையாது. கோவளத்துக்குப் போகிறவர்களும் கன்னியாகுமரிக்குப் போகிறவர்களும் தேசிய நெடுஞ்சாலையில் இதைக் கடந்து போகிறார்கள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது சாலையில் இல்லை என்பதும் ஒரு காரணம். சாலையை விட்டு இறங்கிச் செம்மண் வரப்பில் நூறு அடி நடக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களே துப்புக் கொடுக்கின்றன. களியக்காவிளை, அமரவிளை. விளை என்றால் தென் திருவிதாங்கூர்த் தமிழில் மேட்டு நிலத் தோட்டம். பாத்தி கட்டி ரோஜா வைத்த தோட்டத்தை நினைத்துக்கொண்டு வருபவர் ஏமாந்துபோவார். உச்சியில் தென்னை, அதற்குக் கீழே பலாவும் மாவும், அவற்றின் மேல் ஏறிய மிளகுக் கொடி, இடையில் கமுகு, வாழை, அடியில் மரச்சீனி, சேம்பு, இஞ்சி. ஒரே துண்டு நிலத்தில் நாலு மாடி. இதில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. விளைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் நெல்வயலுக்கு இங்கே ஏலா என்று பெயர். மேட்டில் பெய்த மழை வழிந்து வந்து தங்குவது அந்த ஏலாவில்தான். இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவருக்கு இந்தப் பகுதியின் பூகோளம் முழுக்கப் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக் கணக்கு பங்குனியில் தொடங்குகிறது. இலையைக் கொட்டிவிட்டுச் சரஞ்சரமாக மஞ்சள் கட்டித் தொங்கும் கொன்றை, விஷுவுக்குள் உச்சத்துக்கு வந்துவிடும். ஆனால் படம் எடுப்பவருக்கு இது வேதனையான மாதம். காலை எட்டரைக்கு மேல் வெயில் மஞ்சளை வெளுத்துவிடும். நிழல் கரியாக விழும். மாலையில் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்தால்தான் பூவுக்கு நிறம் திரும்பும்.

இடவப்பாதி என்று மலையாளத்தில் சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. மற்றவர்கள் கேமராவை மூடி வைக்கிற இந்தச் சமயம்தான் இங்கே சீசன். மேகம் மூடிய வானம் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் இலைக்கு அடியில்கூட நிழல் முரட்டுத்தனமாக இருக்காது. சிக்கல் பளபளப்பில். நனைந்த ஒவ்வொரு இலையும் வானத்தைப் பிரதிபலித்துப் பச்சையை வெள்ளையாக்கிவிடும். போலரைசிங் பில்டரைத் திருகித் திருகிப் பார்த்தால் ஒரு கட்டத்தில் அந்த வெள்ளை மறைந்து, கீழே ஒளிந்திருந்த பச்சை எழும்பி வரும். கேமராவின் மீட்டரை அப்படியே நம்புவதும் ஆபத்து. அடர்ந்த பச்சையைப் பார்த்ததும் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொஞ்சம் குறைத்து வைப்பது உத்தமம். மழையையே படமாக்க வேண்டுமானால் துளிகளுக்குப் பின்னாலிருந்து ஒளி வர வேண்டும், பின்புலம் இருண்டிருக்க வேண்டும். பலா மரத்தின் அடிமரத்தைவிட நல்ல பின்புலம் கிடையாது. நொடியில் முப்பதில் ஒரு பங்கு வைத்தால் மழை கோடாக விழும், ஐந்நூறில் ஒரு பங்கு வைத்தால் துளித் துளியாக நிற்கும்.

இந்த மாதங்களில்தான் வேலியோரங்களில் செங்காந்தள் ஏறுகிறது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவந்து முடியும் பூ. தலை குனிந்து தொங்குவதால் படம் எடுப்பவர் சேற்றில் மண்டியிட்டே ஆக வேண்டும். கிழங்கு கொடிய நஞ்சு. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன இந்தப் பூ தமிழ்நாட்டின் மாநில மலர். கொன்றை கேரளத்தின் மாநில மலர். பாறசாலைப் பக்கத்து வேலியில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் மாநில மலர்க் குழுக்கள் ஒருமுறை இங்கே வந்து போயிருக்கலாமே என்று தோன்றும். பலா விஷயத்தில் சண்டையே இல்லை, இரண்டு மாநிலங்களுக்கும் அதுதான் மாநிலக் கனி. கேரளம் 2018-ல் அறிவித்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்படும் 'அம்மச்சிப் பிலாவு'ம் ஒரு பலாதான். எதிரிகள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். இப்போது இருப்பது பட்டுப்போன அடிமரம்.

ஈரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஆடி மாதத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்சுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தும் பயனில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் பழைய வைத்தியம், அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடுவது. சிலிகா ஜெல் மணிகளும் உதவும். நீலமாக இருப்பவை ஈரத்தைக் குடித்து இளஞ்சிவப்பானதும் வாணலியில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். பிலிம் காலத்தில் இந்தக் கவலை இரட்டிப்பாக இருந்தது. ஒரு ரோலுக்கு 36 படம், அதைக் கழுவும்வரை என்ன கிடைத்தது என்று தெரியாது. 1990-ல் வந்த பியூஜி வெல்வியா பச்சையை இன்னும் பச்சையாகக் காட்டியதால் மழை நாட்டுக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. இன்று செல்போனில் ஆயிரம் படம் எடுக்கலாம். எடுக்கவும் செய்கிறார்கள், பெரும்பாலும் தங்களையே.

ஆவணியில் மழை இடைவெளி விடும். வரப்புகளில் தும்பையும், விரல் நகத்தைவிடச் சிறிய மஞ்சள் முக்குற்றியும் பூக்கும். அத்தப்பூக் கோலத்துக்கு ஒரு காலத்தில் பிள்ளைகள் பறித்து வந்தது இவற்றைத்தான். இன்று ஓணத்துக்கு வேண்டிய செவ்வந்தியும் வாடாமல்லியும் குமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து களியக்காவிளை வழியாக வண்டி வண்டியாகப் போகின்றன. மழை குறைந்த தோவாளை, மழை மிகுந்த கேரளத்துக்குப் பூ கொடுக்கிறது. புரட்டாசியில் இதே சாலையில் நவராத்திரி ஊர்வலம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கித் திருவனந்தபுரம் போகிறார்கள். களியக்காவிளையில் கேரள போலீசின் அணிவகுப்பு மரியாதை. சாமிகளுக்கு மட்டும் 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் இன்னும் இருக்கிறது.

ஐப்பசியில் துலாவர்ஷம். காலையில் கழுவிவிட்ட வானம், அகத்திய மலைத் தொடர் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்குக் கிழக்கே கறுக்கும், பிறகு இடி. படம் எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மலையில் பிறந்து 56 கி.மீ. ஓடி வரும் நெய்யாறு பூவாறில் கடலைச் சந்திப்பதைப் பார்க்க இதுவே நல்ல காலம். ஆனால் 2017 நவம்பர் 30-ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து ரப்பரும் வாழையும் விளை விளையாகச் சாய்ந்தன. கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை.

திருவிதாங்கூரை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே படம் பிடித்தவர் அரசின் புகைப்படக்காரர் சக்கரியாஸ் டி குரூஸ். அரண்மனை, அருவி, அணிவகுப்பு எல்லாம் அவர் படங்களில் உண்டு. திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912-1996) யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் பதித்தார், காகத்தையும் அணிலையும் பற்றி அதே அக்கறையுடன் எழுதினார். சாதாரண விளையையும் ஏலாவையும் அப்படி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த கேமராக்கள் குறைவு. அழகு போதாது என்று விட்டிருப்பார்கள். அதன் விலை இப்போது தெரிகிறது. ஏலாக்கள் மண் கொட்டி மேடாகி, வாழையாகவும் வீடாகவும் மாறிய பிறகு, 2008-ல் கேரளம் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இந்த நிலம் அப்போது வயலா, கரையா என்று தகராறு வரும்போது பழைய செயற்கைக்கோள் படத்தைத் தேடுகிறார்கள். ஒரே வரப்பில் நின்று ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று பத்து ஆண்டு எடுத்த படங்கள் ஒரு வீட்டில் இருந்தால், அவை காலண்டருக்கு மட்டும் உதவுபவை அல்ல. அந்த வயல் போனால் முக்குற்றியும் போகும், கோடையில் பக்கத்துக் கிணறும் இறங்கும்.

எல்லைக்கு இந்தப் புறம் இன்னொரு படம் காத்திருக்கிறது. நெய்யாறு அணை 1950-களில் எழும்பியபோது விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தில் இருந்த நாட்களின் திட்டம் அது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் கேட்டுப் போராடிய தமிழர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆனாலும் இடதுகரைக் கால்வாய் எல்லையைக் கடந்து விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தந்தது. 2004-ல் கேரளம் அதை நிறுத்தியது. நெய்யாறு முழுக்கக் கேரளத்து ஆறு என்பது அவர்கள் வாதம். மாநிலங்களுக்கு இடையிலான ஆறு என்று தமிழகம் 2012-ல் உச்ச நீதிமன்றம் போனது.

மழைக் காலத்தில் அணை நிரம்பி மதகு திறக்கும்போது பார்க்கக் கூட்டம் கேமராவுடன் கூடுகிறது. நுரைத்து விழும் அந்த வெள்ளம், 1888-ல் நாராயண குரு ஆற்றுக் கல்லை எடுத்துச் சிவனாக நிறுத்திய அருவிப்புறம் தாண்டி, நெய்யாற்றின்கரை தாண்டி, பூவாறில் கடலுக்குள் போய்விடும். விளவங்கோட்டுக் கால்வாயைப் படம் எடுக்க அதிகம் பேர் போவதில்லை. போகிறவர் அதே நாளில் போக வேண்டும்.