நிறுத்தத் தெரியாத செல்

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர ஆசைப்பட்டபோது அங்கே ஆண்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார்.

அந்த டாக்டர் அக்காவால் சொந்தத் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. 1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார்.

ஏன் முடியவில்லை? அதைப் புரிந்துகொள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு வீட்டுக்குள் போய்வர வேண்டும். அதுதான் செல்.

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு. எதை உள்ளே விடலாம், எதை வெளியே அனுப்பலாம் என்று பார்த்துக்கொள்ளும் வாசல் அது. உள்ளே மைட்டோகாண்ட்ரியா என்கிற அடுப்பு எரிகிறது. சாப்பிட்ட சோறு அங்கேதான் சக்தியாகிறது. ரைபோசோம்கள் புரதம் சமைக்கின்றன. என்ன சமைக்க வேண்டும் என்ற குறிப்பெல்லாம் உட்கருவில், டிஎன்ஏ-வில் இருக்கிறது. ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏ-வைப் பிரித்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும்!

அந்தக் குறிப்பிலேயே முக்கியமானது, ‘எப்போது நிறுத்த வேண்டும்’ என்பது. காய்கறி நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால், பக்கத்துச் செல்கள் இரண்டாகப் பிரிந்து பெருகி இடைவெளியை நிரப்புகின்றன. நிரம்பியதும் நின்றுவிடுகின்றன. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்ந்து விடைபெறுகிறது. குடலின் உள்பக்கச் செல்களுக்கு ஆயுள் சில நாட்களே. பழையது போனால்தான் புதியதற்கு இடம்.

செல் பிரியும்போதெல்லாம் இந்தக் குறிப்பும் நகலெடுக்கப்படுகிறது. நகலில் பிழைகள் விழலாம்; புகையிலை போன்றவை அவற்றை அதிகமாக்கும். ‘நிறுத்து’ என்ற வரியே அழிந்துபோன செல், பெருகிக்கொண்டே போகிறது. அதுதான் புற்றுநோய். வந்தது வெளியாள் இல்லை, நம் வீட்டுப் பிள்ளை. அதனால்தான் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியும் இல்லை, அடையாளமும் இல்லை. தெரியவரும்போது வீடு முழுக்கப் பரவியிருக்கலாம்.

1923-ல் இந்த விவரமெல்லாம் யாருக்கும் தெரியாது. டிஎன்ஏ-வின் வடிவமே 1953-ல்தான் பிடிபட்டது. ஆனால், முத்துலட்சுமி ரெட்டி அதுவரை காத்திருக்கவில்லை. “புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி?” என்று கேட்டவர்களையும் தாண்டி அலைந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. தங்கை போய் 31 வருஷம் ஆகியிருந்தது.

இன்று வழிதவறும் செல்லை முன்கூட்டியே பார்த்துவிட முடிகிறது. கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருஷம் முன்பே மாற்றம் தெரியும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனைகள் செய்கிறார்கள். வெட்கம், பயம், “எனக்கெல்லாம் ஒன்றும் இல்லை” என்ற நினைப்பு – இவைதான் பலரையும் வீட்டிலேயே உட்கார வைக்கின்றன.

அக்காவோ தங்கையோ தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், இந்த வாரமே கையோடு அழைத்துப் போய்வாருங்கள்.