ஒரு புள்ளி குறைந்தால்

பூந்தமல்லி டிரங்க் சாலையின் லாரி இரைச்சலை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால், பிரெய்ல் அச்சகத்துக்கென்று தனி இரைச்சல். எம்பாசர் எந்திரம் தடித்த தாளைத் தடதடவென்று குத்தித் தள்ளுகிறது. மை கிடையாது, மை வாசனையும் கிடையாது. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கும் ஊர் என்பதால், இந்தத் தாள்களை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

நான்தான் ஒரு தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மெய்ப்புப் பார்க்கும் அம்மா சிரித்துவிட்டார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. "என்ன சார், தாள் சத்தம் ரொம்பக் கேக்குது? கண்ணுல பாத்தா நெழல்தான் தெரியும். வெரல வைங்க."

வைத்தேன். மணல்தான் தட்டுப்பட்டது.

அவர் விரலால் படித்து வாய்விட்டுச் சொல்ல, எதிரே பார்வையுள்ள உதவியாளர் மூலப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறார். இங்கே எழுத்தை அறிந்தவர் அந்த அம்மா. கண் உள்ளவர் அவருக்குத் துணை. கோப்பைப் பிரெய்லாக மாற்றும் வேலையை மென்பொருள் நொடியில் முடித்துவிடுகிறது. அட்டவணையிலும் படத்திலும்தான் அது திணறும். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பது விரலுக்குத்தான் தெரியும்.

ஆறு புள்ளிகள்: இடப்பக்கம் 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. லூயி பிரெய்ல் 1824இல், பதினைந்து வயதில், வகுத்த கட்டம் இது. இதற்குள் 63 வடிவங்கள் அடங்கும். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். ஆனால் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் அமைய 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் தமிழ் உட்கார்ந்திருக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. 'கொ' எழுத, முன்னும் பின்னும் கொம்பும் காலும் வேண்டாம். க, அடுத்து ஒ, அவ்வளவே. மெய்யெழுத்தின் புள்ளி தலையில் ஏறாமல் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது.

"இத பாருங்க" என்று என் விரலைப் பிடித்து நகர்த்தினார். இடப்பக்கம் மூன்று புள்ளியும் இருந்தால் ல. ஐந்தாவதும் சேர்ந்தால் ர. ஐந்துக்குப் பதில் ஆறாவது என்றால் வ. இரண்டும் சேர்ந்தால் ழ. ஆக, 'பழம்' என்ற சொல்லில் ஒரு புள்ளி மழுங்கினால் பரம். வேறொன்று மழுங்கினால் பவம். இரண்டும் போனால் பலம். எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள். மென்பொருள் எப்படிப் பிடிக்கும்?

இப்போதெல்லாம் கைப்பேசியே படித்துக் காட்டிவிடுகிறதே என்று கேட்டேன். இந்தக் கேள்வியை அவர் பலரிடமிருந்து கேட்டுச் சலித்திருக்க வேண்டும். "கேட்டா கதை தெரியும் சார். சின்ன ல-வா பெரிய ள-வான்னு எப்படித் தெரியும்? நீங்க புள்ளைக்கு ரேடியோ வாங்கிக் குடுத்துட்டுப் பள்ளிக்கூடத்த நிறுத்திடுவீங்களா?"

பதில் இல்லை என்னிடம்.

அடுத்த அறையில் கட்டுவேலை. புடைப்பு நசுங்கிவிடும் என்பதால் இறுக்கிக் கட்டுவதில்லை, அடுக்கி மேலே பாரம் ஏற்றுவதில்லை. தொகுதிகளை நிறுத்தியே வைக்கிறார்கள். கைக்கு அடக்கமான ஒரு பாடநூல் இங்கே பல தொகுதிகளாகப் பெருத்துவிடுகிறது. அஞ்சல் துறை பிரெய்ல் நூல்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் ஒரு பொதி 7 கிலோவைத் தாண்டக் கூடாது. அதனால் ஒரே புத்தகத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டி, எந்தப் பொதியில் எத்தனையாவது தொகுதி என்று மேலே பேனாவால் ஒரு முறையும், பிரெய்லில் ஒரு முறையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.