அலமாரிக் கணக்கும் ஆரம்ப வகுப்பும்

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டடம். அதற்குக் கூட்டம் கூடும். நன்கொடைச் சீட்டு அச்சாகும். திறப்பு விழாவில் மாலைகள் விழும். கட்டடத்திற்கு அடுத்தபடியாக ஆசிரியர் தொகையைப் பற்றியும், அதற்கும் அடுத்தபடியாகக் கணினியைப் பற்றியும் பேசுவார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளையொன்று காலையில் வகுப்பிற்குள் நுழைந்தால், அதன் கைக்கு எட்டும் உயரத்தில் என்ன இருக்கிறது என்னும் கேள்வியை மட்டும் எந்தக் கூட்டத்திலும் எவரும் எழுப்பக் காணோம். எழுப்பினாலும், அது ஆசிரியைமார் வேலை என்று சொல்லிக் கலைந்துவிடுவார்கள்.

நாம் கடாரத்தில், கோல மூடா வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். செக்ரோல் எழுதுவதும், ஸ்டோரிலுள்ள உரம், மருந்து, உளி, கையுறை முதலியவற்றின் இருப்பைக் கணக்கெடுப்பதும் நமது தொழில். படித்தது பட்டணத்துத் தனியார் ஆங்கிலப் பள்ளியில். தமிழெழுத்து வீட்டில் பாட்டியாரிடம் கற்றது. இத்தகைய ஒருவர்க்கு ஆரம்ப வகுப்பைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். உரிமைக்குப் பழைய ஆதாரம் ஒன்றுண்டு. இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு அக்டோபரில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுகிறது. பின்னர்க் கூட்டு மலாய் நாடுகளில் 1912ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தார் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. கடாரம் அக்கூட்டில் சேர்ந்ததன்று. 1909இல்தான் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. ஆயினும் இங்கும் தோட்டந்தோறும் ஒரு கொட்டகை பள்ளியாயிற்று. அதில் பாடஞ் சொன்னவர் யார்? பல இடங்களில் கங்காணி. இல்லையேல் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி. அதுவும் இல்லையேல் கிராணி! பகலில் பிரட்டுக் கணக்கு எழுதிய கைதான் பிற்பகலில் மணலில் அகரம் எழுதிக் காட்டிற்று. அந்தப் பரம்பரையில் வந்த துணிவோடு இதனை எழுதுகிறோம்.

நிற்க. நம் தோட்டத்துக்கு அருகிலுள்ள பள்ளியொன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், ஸ்டோர்க் கணக்குத் தெரிந்தவர் என்பதால், வகுப்புச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் எடுத்துத் தரும்படி நம்மைக் கேட்டார்கள். தலைமையாசிரியை அம்மையார் அலமாரியைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் எழுத்துக்கள் இரண்டு பெட்டி, உறை கிழியாமல். மரக்கட்டைகள் ஒரு பெட்டி. பட அட்டைகள் ஐந்து கட்டு, ரப்பர்ச் சுருள் இற்று அட்டையோடு ஒட்டிக்கொண்டவை. மேல் தட்டில் ஒரு கடிகார முகம். எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றும் தொலையவில்லை. காரணம் வெளிப்படை. அலமாரியின் தாழ்ப்பாள் பெரியவர் தோளுயரத்தில் இருந்தது. சாவி அலுவலகத்தில் இருந்தது. தணிக்கைக்கு வருவோர் இருப்பைத்தான் பார்ப்பார்கள். ஆசிரியைமார்மீது குறை சொல்ல இடமில்லை. ஒரு பொருள் குறைந்தால் விளக்கம் எழுதவேண்டியவர் அவர்களே.

ஸ்டோரில் ஆறு மாதம் கழித்தும் பெட்டி பிரியாமல் இருந்தால் கிராணிக்கு நல்ல பெயர். வகுப்பறைக்கு அதே கணக்கைப் போடுவதுதான் விபரீதம். அங்கே ஓரம் மழுங்காத அட்டை, வாங்காத அட்டைக்குச் சமானம். ஆகவே நாம் எடுத்த பட்டியலில் ‘இருப்பு’ என்ற பத்திக்கு அருகே ‘தேய்வு’ என்று ஒரு பத்தி சேர்த்தோம். அம்மையார் அதைக் கண்டு நகைத்தார். பின்னர் அவரே அந்தப் பத்தியை முதலில் பார்க்கத் தொடங்கினார்.

இது நமது கண்டுபிடிப்பன்று. இத்தாலிய மாதரசி மரியா மாண்டிசோரி 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் பிள்ளைகள் இல்லம் தொடங்கிய பின்னர், தாழ்ந்த திறந்த தட்டுகளில் பொருளை வைத்துப் பிள்ளையே எடுத்துப் பிள்ளையே திரும்ப வைக்கும் முறையைக் கையாண்டார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக் கற்பது அவருடைய முறை. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தினால் ஊர் திரும்ப இயலாமல், கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார் என்பது நம்மவர் பலர் அறியாதது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் தொடங்கி, 2007 முதல் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும் இவ்வழியதே. அதற்கு முன்மாதிரி ஆந்திரத்து ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகள். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். அவை தட்டுகளில் அடுக்கப்பட்டன. சுவரில் ஏணிப்படி ஒன்று தொங்கிற்று. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து அதற்குரிய அட்டையை எடுத்தது. சுவரின் அடிப்பகுதியில், தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டும்படி, கரும்பலகை தீட்டினார்கள். அம்முறையைப் பற்றிப் பல வாதங்கள் நடந்தன. அந்தத் தாழ்ந்த கரும்பலகை ஒன்றுக்காக மட்டுமே அதனைப் பாராட்டலாம் என்பது நமது கருத்து.

கடாரத்துச் சிறு பள்ளிகளுக்கு இந்த முறை ஆடம்பரமன்று, அவசரம். 1957இல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் போயின, லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் குடியிருக்கிறார்கள். நூற்றைம்பதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ளதைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். முப்பதுக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டு வகுப்புக்களை ஒன்றாக இணைத்து ஓர் ஆசிரியையிடம் விடுகிறார்கள். அவர் முதலாம் ஆண்டாருக்கு எழுத்துச் சொல்லும்போது இரண்டாம் ஆண்டார் என்ன செய்வது? சும்மா இருக்கவேண்டும், அல்லது சத்தம் போடவேண்டும், அல்லது ஒருவர் துணையுமின்றி வேலை செய்யவேண்டும். மூன்றாவது நடக்கவேண்டுமானால், பொருளே பிள்ளைக்குச் சரி தவறு சொல்லவேண்டும்.

அதற்குச் செய்த ஏற்பாடு எளிது. சொல்லும் படமும் உள்ள அட்டையை நடுவே வளைத்து வெட்டினோம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு வளைவில். ‘குலை’ என்ற துண்டு செம்பனைக் குலையின் படத்தோடு மட்டுமே பொருந்தும். வேறெதனோடும் இடைவெளி விழும். பிள்ளை ஆசிரியை முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. பெட்டிகளுக்கு மைலோ டின்களும் பிஸ்கட் டின்களும் போதுமாயிருந்தன. விளிம்பை மட்டும் தட்டி மடக்கவேண்டும். தோட்டப் பட்டறைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழலுருவை வரைந்திருப்பதை வாசகர் பார்த்திருப்பார்கள். திருகுக்குறடு இல்லாவிட்டால் அதன் வெற்றுருவே காட்டிக்கொடுக்கும். அதையே தட்டில் செய்தோம். டின்னின் அடிவட்டத்தைத் தட்டில் வரைந்து, மூடியில் ஒட்டிய படத்தையே வட்டத்துக்குள்ளும் ஒட்டினோம். வகுப்பு முடிந்தவுடன் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பது அன்று முதல் பிள்ளைகளின் போட்டியாயிற்று. மூன்று மொழி படிக்கும் பிள்ளைகளாதலால் தமிழுக்குச் சிவப்பு, மலாய்க்குப் பச்சை, ஆங்கிலத்துக்கு நீலம் என மூடிகளுக்குச் சாயம் பூசினோம்.

எழுத்து அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துவது நம் வழக்கம். அட்டை வெட்ட உட்கார்ந்தபோது நாம் எண்ணிப் பார்த்தோம். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை உயிர்மெய் 18, உகர ஊகார வரிசைகள் இணைப்பில் அடங்காதனவாதலால் 36, ஆக 67. இவற்றோடு புள்ளி, துணைக்கால், இரண்டு மேல்விலங்கு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என ஏழு. ஔகார வரிசைக்கு ஒற்றைக்கொம்பும் ளகர அட்டையுமே போதும். மொத்தம் 74 அட்டையில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. மேலே ஏறும் குறிகளைக் கண்ணாடித் தாளில் வரைந்து எழுத்தின்மேல் வைத்தால் பிள்ளைக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது. டகரம் மட்டும் இகர ஈகாரங்களில் முரண்டு பிடிக்கும். அதற்கு இரண்டு தனி அட்டை வைத்துக்கொள்க. ‘அம்மா’ என்று எழுத மகரம் இரண்டு வேண்டுமாகையால் க, ப, ம, த முதலியவற்றுக்கு மும்மூன்று பிரதிகள் வேண்டும்.

இந்த எளிமை தானாக வந்ததன்று. ணா, றா, னா முதலாக லை, னை ஈறாக 13 எழுத்துக்கள் முன்னாளில் தனித்தனிக் கோல வடிவங்களாயிருந்தன. பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ ஏட்டில் அவற்றைச் சீர்திருத்தி அச்சிட்டார்; தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது; இந்நாட்டு நூல்களும் அவ்வழியே சென்றன. அவர் 1929 டிசம்பரில் பினாங்குத் துறையில் வந்திறங்கியதைப் பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரே துணைக்கால் அட்டை இன்று எல்லா மெய்க்கும் பொருந்துகிறதே, அது அவர் செய்த வேலையின் பயன் என்று எவரும் நமக்குச் சொன்னதில்லை.

சொல் அட்டைகளைப் பட்டணத்துக் கடையிலிருந்து வாங்கினால் ஙகரத்துக்கு அவர்கள் தடுமாறுவதைக் காணலாம். அவ்வெழுத்தில் தொடங்கும் பொருள் கண்முன் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டியதில்லை. பால்மரத்தில் தொங்கும் மங்கு இருக்கிறதே! மலாயில் ‘மங்கோக்’ என்பது தோட்டத் தமிழில் மங்காயிற்று. சிவப்பு மூடிக்கும் பச்சை மூடிக்கும் ஒரே படம் உதவுகிறது. உளி, ஒட்டுப்பால், குலை, ஈர்க்கு, லயம் இவையெல்லாம் நம் அட்டைகளில் ஏறின. பாடநூற் சொல்லைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அறிந்த சொல்லில் எழுத்தைப் பிடித்த பிள்ளை அறியாத சொல்லுக்கு அஞ்சுவதில்லை என்பதைக் கண்டோம்.

எண்ணுக்கு ஈர்க்குக் குச்சிகள். பத்துச் சேர்ந்தால் ஒரு கட்டு. ஆங்கிலத்தில் எண் கற்ற நமக்கு முன்பு தோன்றாத ஒரு சங்கடத்தை இக்குச்சிகள் காட்டின. எண்பதுவரை ஒழுங்காக வந்த பிள்ளை அடுத்ததில் இடறுகிறது. எட்டு, எண்பது, ஒன்பதுக்குப் பின் தொண்ணூறு! பெயரில் நூறு ஒலிக்கிறது, அளவிலோ ஒன்பது பத்துத்தான். ஒன்பது கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு ‘தொண்ணூறு’ என்று சொல்லும் பிள்ளைக்கு அந்த மயக்கம் இல்லை. காதை விடக் கைக்கு நம்பிக்கை அதிகம். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு ரப்பர்க்காயைவிட நல்ல சாதனம் இல்லை. காய்க்கு மூன்று கொட்டை. ஆனால் பச்சைக் கொட்டையின் பருப்பில் நஞ்சுண்டு. பருப்பை நீக்கிக் கழுவிய ஓடுகளையே முழுக்காய்ப் படத்தின்மேல் மும்மூன்றாக வைக்கவேண்டும். வாயில் வைக்கும் பழக்கமுள்ள சிறுவருக்கு அதுவும் வேண்டா.

இவ்வளவும் செய்துகொண்டிருக்கையில் மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் மகனை அழைத்துப்போக வந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, “கிராணி ஐயா, கொட்டையை வைத்து விளையாடவா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்? அதை வீட்டு வாசலிலேயே விளையாடுமே!” என்றார். நியாயமான கேள்வி. அவருடைய மூத்த மகன் மூன்றாம் ஆண்டுவரை வாசிக்க வராமல் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றப்பட்டவன். ஒரு பிள்ளை போனால் சிறு பள்ளியில் ஒரு வகுப்பே ஆட்டங்காணும்; அடுத்த ஆண்டு அவன் தம்பியும் போவான். நாம் மறுமொழி சொல்லவில்லை. பையனிடம் சிவப்பு டின்னைத் தரச்சொல்லி, வீட்டிலுள்ளவர்கள் பெயரை அடுக்கச் சொன்னோம். அவன் அம்மாவின் பெயரை அடுக்கினான். ரகரத்துக்குத் துணைக்கால் வைக்க மறந்து, தானே பார்த்து, வைத்தான். அம்மையார் அதைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது என்று பின்னர் அறிந்தோம். மறுநாள் முதல் அவரும் இன்னும் இரண்டு தாய்மாரும் மாலையில் வந்து அட்டை வெட்டிக் கொடுக்கிறார்கள்.

ஈரக்காற்றில் அட்டை ஊறி வளைவதும், கரையான் ஏறுவதும் இன்னும் தீராத தொல்லைகள். தட்டின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்திக் கரையானைத் தடுத்தோம். ஈரத்துக்குப் பிளாஸ்டிக் உறையிட்டு ஓரம் ஒட்டுவதைத் தவிர வழி தெரியவில்லை. அந்த உறைதான் செலவு. தேய்வுப் பத்தியின்படி மகரமும் ககரமும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வெட்டவேண்டியிருக்கிறது. ஔகாரம் இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது.

சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் நகரங்களில் அச்சகம் நடத்தும் அன்பர்கள் வெட்டி எறியும் தடித்த அட்டைத் துண்டுகளைத் தத்தம் அருகிலுள்ள தோட்டப் பள்ளிக்குக் கொடுத்துதவலாம். நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். ஒரு பக்கம் அச்சேறியிருந்தாலும் பாதகமில்லை.