பதிவகத்தில் தெரியாத வில்லங்கம்

உறுதி எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "காணி சுத்தமா சேர்?" என்பதுதான். சுத்தம் என்று அவர்கள் நினைப்பது காணிப் பதிவகத்துப் புத்தகத்தை. ஈடு இருக்கிறதா, வழக்கு விழுந்திருக்கிறதா, முன்னரே வேறு யாருக்கும் விற்றிருக்கிறார்களா என்று ஏடு ஏடாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். நொத்தாரிசுகளுக்கான கட்டளைச் சட்டம் அந்தத் தேடலை எங்கள் கடமையாக்கியிருக்கிறது. தேட வேண்டாம் என்று தரப்பினர் எழுதித் தந்தால் மட்டுமே விலக்கு. இரத்தினபுரி, கேகாலை இரண்டு இடத்திலும் பதிவகம் இருப்பதால் அது பெரிய சிரமமில்லை.

சட்டம் சொல்லாத இன்னொரு தேடல் இருக்கிறது. இரத்தினபுரி நகரத்துக்குள் என்றால் மாநகர சபைக்கும், கேகாலை, பலாங்கொடை நகரங்கள் என்றால் நகர சபைக்கும், தெரணியகல, காவத்தை போன்ற இடங்கள் என்றால் பிரதேச சபைக்கும் போய் ஆதன வரி நிலுவையைப் பார்ப்பது. நல்ல நொத்தாரிசையும் அவசர நொத்தாரிசையும் பிரித்துக் காட்டுவது இதுதான் என்பேன்.

நிலுவை வரி பதிவகத்து ஏட்டில் ஏறாது. ஆனால் அது காணியை விட்டுப் போகவும் போகாது. விற்றவர் காசை எண்ணிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுவார். சபையின் அறிவித்தல் அதே ஆதன இலக்கத்துக்குத்தான் வரும், அப்போது கதவைத் திறப்பவர் வாங்கியவர். 'எவ்வித வில்லங்கமுமின்றி' என்று உறுதியில் நானே எழுதிய வரி அந்த நேரத்தில் விற்றவர்மீது வழக்குப் போட உதவும். சபையைத் தடுக்க உதவாது.

சபையின் இடாப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வீதியின் பெயர், ஆதன இலக்கம், உரிமையாளர் பெயர், வருடாந்தப் பெறுமதி, காலாண்டுத் தொகை, கடைசி நிரலில் நிலுவை. உரிமையாளர் நிரலில் இருப்பவர் பெரும்பாலும் செத்துப் பல காலமானவர். தாத்தா பெயரில் அறிவித்தல் வரும். வீட்டில் இருப்பவர்கள் "இது நமக்கில்லை" என்று மேசை இலாச்சிக்குள் போடுவார்கள். எங்கள் பக்கம் அது சிங்களத்தில் வருவதால் வாசிக்காமலே போடுகிறவர்களும் உண்டு. தொகை சிறியதுதான். ஒரு கடையின் பல வருட நிலுவை, அந்தக் கடையின் ஒரு மாத வாடகைக்குக்கூட வராமல் இருக்கலாம்.

அந்தச் சிறிய தொகைக்காகச் சபை என்ன செய்ய முடியும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் இதில் கடுமையானது. வரி கட்டாவிட்டால் பிடியாணை எழுதலாம். சொத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கலாம். ஏலத்தில் எடுத்தவருக்குச் சபை கொடுக்கும் சான்றிதழ், வில்லங்கம் எதுவும் இல்லாத உரித்தைக் கொடுக்கிறது. அதாவது வங்கியின் ஈடும் அதோடு போகும். வங்கிகள் கடன் கொடுக்கும் முன் ஆதனம் சபைக்கு உரித்தாகவில்லை என்ற சான்றிதழைக் கேட்பது இந்தப் பயத்தில்தான். அதை வெறும் கடதாசித் தொல்லை என்று நினைத்து என்னிடம் கோபப்படுகிறவர்களிடம் இந்த ஏலக் கதையைச் சொன்னால் குரல் இறங்கும். ஏலம் வரை போவது அபூர்வம்தான். ஆனால் பிடியாணைச் செலவு நிலுவையோடு சேர்வது அபூர்வமில்லை.

எதிர்ப்பக்கத்து மயக்கமும் இருக்கிறது. வரி கட்டிய பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்து வந்து, "இத்தனை வருஷம் கட்டியிருக்கேன், காணி என்னோடதுதானே?" என்பார்கள். இல்லை. அனுபவித்து வந்ததற்கு அது சான்றாகலாம், அதுமட்டும் உரித்தாகாது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இவை எல்லாம் புதிது. அதற்குக் காரணம் அவர்கள் அல்ல. 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்கு வந்தது. லயக் காம்பராவில் தலைமுறைகளாக இருந்தவருக்கு அந்தக் காம்பரா ஒரு நாளும் சொந்தமாகவில்லை. அதனால் அவர் பெயரில் வரி அறிவித்தல் வந்ததில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதைவிட மோசம்: தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்க அது தடையாக இருந்தது. தோட்டத்து ஆள் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், அந்த உறுப்பினரால் லயத்துக்கு முன்னால் ஒரு பாதை போட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். வரி இடாப்பில் பெயரில்லாத மக்களுக்குச் சபையின் கதவும் பாதி மூடியே இருந்தது என்பது என் கணிப்பு.

இப்போது தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி பேசப்படுகிறது. சேமித்த காசில் டவுன் ஓரமாகத் துண்டுக் காணி வாங்குகிற தோட்டத்துப் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: முற்பணம் கொடுக்கும் முன் சபைக்குப் போய் நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்; விற்பவர் காட்டும் ஒரு பற்றுச்சீட்டை நம்பாதீர்கள், அது ஒரு காலாண்டுக்கு மட்டுமாக இருக்கலாம். உறுதி பதிவானதும் பிரதியோடு போய் இடாப்பில் உங்கள் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். அறிவித்தல் விளங்காவிட்டால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு.