எக்ஸ்பார்ட்டியும் டாஃபிங்கும்

ஜூன் 3, செவ்வாய். ராஜபாளையம்

எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் போய்விடும். நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ பழைய பிரதி கிடைத்தது. 1949-இல் வந்த நூல். இன்றும் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கையில் இருக்கிறது. சொற்களைப் பட்டியலாகக் கொட்டாமல் வேரைப் பிடித்துக் கொடுக்கிறார். கிரேக்கத்தில் ‘ஆந்த்ரோபோஸ்’ மனிதன். மனிதரை வெறுப்பவர் மிஸந்த்ரோப், வாரிக் கொடுப்பவர் ஃபிலாந்த்ரோபிஸ்ட், மானுடவியல் ஆந்த்ரோபாலஜி. எல்லாம் ஒரே குடும்பம்.

ஜூன் 5, வியாழன். ஸ்ரீவில்லிபுத்தூர்

பெரியப்பாவின் இடத் தகராறு வழக்குக்குத் துணையாகப் போனேன். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இங்கேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, “போன வாய்தாவுக்கு அவுக வரல, எக்ஸ்பார்ட்டி ஆகிப்போச்சு” என்றார். லத்தீன் சொல்! ‘ஒரு தரப்பிலிருந்து’ என்று பொருள். குமாஸ்தாக்கள் நாள் முழுக்கச் சொல்லும் ‘அபிடவிட்’டும் லத்தீன்தான்: ‘சத்தியம் செய்திருக்கிறார்.’ பாட்டி யாரிடமும் ஆங்கிலம் படித்திருக்க மாட்டார். நிலம் கையில் நிற்குமா என்பது அந்தச் சொல்லில் இருந்தது. அதனால் பிசகாமல் ஒட்டிக்கொண்டது. நான் உருப்போட்ட சொற்களுக்கு அப்படி எந்தப் பிடிப்பும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

எதிர்ச்சொல் பயிற்சியில் ‘டாஃப்’: கழற்று. எதிர்ச்சொல் ‘டான்’: அணி. சத்தமாகப் படித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “டாஃபிங்கா? நூல் நிறைஞ்ச பாபினை உருவிட்டு காலி பாபினை மாட்டுவோம்ல, அதுதான?” இரண்டு கையாலும் உருவிக் காட்டினாள், பெருவிரலும் சுட்டுவிரலும் போகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷமாக மில்லில் ரிங் ஃபிரேமில் நிற்கிறவள். அகராதி சொல்வதும் அதையேதான். ‘டூ ஆஃப்’ சுருங்கி டாஃப், ‘டூ ஆன்’ சுருங்கி டான். மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் ‘கார்டிங்’கைத் தேடினேன். முட்செடியைக் குறிக்கும் லத்தீன் ‘கார்டுவஸ்’ வரைக்கும் போகிறது. அம்மாவிடம் சொன்னதும், “அங்க இன்னும் இப்படி எத்தனை வார்த்தை இருக்கு தெரியுமா” என்று வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே போனேன்.

ஜூன் 8, ஞாயிறு

செண்பகத்தோப்புப் பக்கம் போனோம். இது சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இலிருந்து மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். அணிலின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘கிரிஸில்டு’ என்றால் நரையோடிய. மரத்திலேயே வாழ்வதால் அது ‘ஆர்போரியல்’. லத்தீன் ‘ஆர்போர்’ மரம். நோட்டில் பொருளுக்குப் பக்கத்தில், சொல்லை யாரிடம், எங்கே கேட்டேன் என்பதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அம்மா சொன்ன மில் சொற்களை நாளைக்கு அதில் ஏற்ற வேண்டும்.